வராத பாடகருக்குக் கூடிய கூட்டம்

1953 புத்தாண்டு அன்று ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரத்து அரங்கில், டிக்கெட் வாங்கிய கூட்டம் ஹாங்க் வில்லியம்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மேடையேறிய அறிவிப்பாளர், ஹாங்க் வரும் வழியிலேயே இறந்துவிட்டார் என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு மட்டம் போடுவது ஹாங்குக்கு வாடிக்கை. அதற்காகவே நாஷ்வில்லின் புகழ்பெற்ற ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி மேடை முந்தைய ஆகஸ்டில் அவரை வெளியேற்றியிருந்தது. இதுவும் ஒரு புதுச் சாக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். ஹாக்‌ஷா ஹாக்கின்ஸும் சக கலைஞர்களும் ஹாங்கின் ‘ஐ ஸா த லைட்’ பாட்டை எடுத்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பிறகு கூட்டமும் சேர்ந்து பாடியது.

அமெரிக்கத் தெற்கின் கிராமத்து வெள்ளையரும் கறுப்பரும் அக்கம்பக்கமாக வளர்த்த கன்ட்ரி இசையில் ஹாங்கைவிடப் பெரிய பெயர்கள் அதிகமில்லை. செத்தபோது வயது 29. முதல் நாள் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் பாட வேண்டியவர். பனிப்பொழிவால் அந்தக் கச்சேரி ரத்தானது. கல்லூரி மாணவர் ஒருவர் காடிலாக் காரை இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு கேன்டனை நோக்கி வந்தார். ஓக் ஹில் என்ற சிற்றூருக்கு வந்தபோதுதான் தெரிந்தது, பின் இருக்கையில் படுத்திருந்தவர் விறைத்துப்போய்க் கிடக்கிறார் என்று.

செய்தி வானொலியில் போனது, மறுநாள் பத்திரிகைகளில் போனது. கலிஃபோர்னியாவில் மரைன் படையில் இருந்த 21 வயது டெக்சாஸ் இளைஞன் ஒருவனுக்கு அதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரியும். படைக் கொட்டடியில் படுத்தபடியே அழுதான். ஜார்ஜ் ஜோன்ஸ் என்பது அவன் பெயர். அவனிடம் பிறகு வருவோம்.

ஜனவரி 4ஆம் தேதி அலபாமாவின் மாண்ட்கோமரியில் நல்லடக்கம். நகராட்சி அரங்கத்துக்குள் சுமார் 2,750 பேருக்குத்தான் இடம். வந்தவர்கள் 15,000 என்கிறார்கள், 25,000 என்பவர்களும் உண்டு. உட்கார இடமில்லை என்று தெரிந்தும் ஊர் ஊராகக் கிளம்பி வந்து தெருவில் நின்றார்கள். துக்கம் விசாரிப்பது என்றால் அவர்களுக்கு நேரில் போய் நிற்பதுதான். உள்ளே ராய் ஏக்கஃப், ரெட் ஃபோலி, எர்னஸ்ட் டப் எல்லாரும் பாடினார்கள். முந்தைய ஆகஸ்டில் ஹாங்குக்குக் கதவைச் சாத்திய அதே ஓப்ரியின் முன்வரிசை ஆட்கள் இவர்கள்.

அந்த அரங்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கறுப்பின மக்கள் மேல்மாடத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மேடையிலோ, கறுப்பினத்தார் நால்வர் குழு ஒன்று தேவாலயப் பாடல் பாடியது. ஹாங்குக்குச் சிறுவயதில் கிடார் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ‘டீ டாட்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் 1939இல் இதே மாண்ட்கோமரியில் செத்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. பாட்டு யாரிடமிருந்து வேண்டுமானாலும் வரலாம். துக்கத்துக்கு மட்டும் யாருக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் காலத்து இரங்கலில் இன்று கிட்டத்தட்டக் காணாமல் போனது ஒன்று: செத்தவரைப் பற்றிப் புதிதாகப் பாட்டுக் கட்டுவது. நம் ஊர்ச் சந்தைகளில் கொலைச் சிந்து விற்ற மாதிரி, ஒரு சாவு நடந்தால் சில வாரங்களில் அதைப் பற்றி இசைத்தட்டு வந்துவிடும். ஹாங்க் இறந்த அதே மாதமே அலபாமாக்காரர் ஜாக் கார்ட்வெல் ‘த டெத் ஆஃப் ஹாங்க் வில்லியம்ஸ்’ பாடிப் பதிவுசெய்தார், அது கன்ட்ரி வரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. எர்னஸ்ட் டப்பும் ஒரு பாட்டுப் பாடினார். டப்புக்கு இது புதிதல்ல. கன்ட்ரி இசையின் முதல் நட்சத்திரம் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1933இல் 35 வயதில் காசநோயில் இறந்தார். நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே அதில் படுத்து எழுந்துதான் கடைசிப் பாட்டுகளைப் பாடி முடித்தார். அடுத்த ஓரிரு நாளில் ஹோட்டல் அறையில் உயிர் போனது. ஒரு காலத்தில் ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்தவர். உடலும் ரயிலிலேயே மிசிசிப்பியின் மெரிடியனுக்கு ஊர் திரும்பியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜீன் ஆட்ரி அவர் சாவைப் பற்றிப் பாடிவிட்டார். டப் 1936இல் பாடிய முதல் தட்டுகளே ராட்ஜர்ஸுக்கான இரங்கல் பாட்டுகள்தான். ராட்ஜர்ஸின் மனைவி தன் கணவரின் கிடாரையே அந்த இளைஞனுக்குக் கொடுத்திருந்தார்.

இதெல்லாம் தூய துக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சூட்டோடு சூடாகக் காசு பார்க்கும் வேலையும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, செத்தவன் யார், என்ன ஆனது, எங்கே ஆனது என்று யோசித்து, இரண்டு அடியாவது சொந்தமாகக் கட்ட வேண்டியிருந்தது.

இப்போது ஜார்ஜ் ஜோன்ஸ். ஹாங்குக்காக அழுத அந்தப் பையன் கன்ட்ரி இசையின் மிகச் சிறந்த குரல் என்று பெயரெடுத்தார். ஹாங்கின் குடியும் அவரிடம் வந்து சேர்ந்தது, கச்சேரிக்கு வராத பழக்கமும் வந்தது. ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்றே ரசிகர்கள் பட்டம் கட்டினார்கள். 1980இல் வந்த ‘ஹி ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே’ அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. விட்டுப்போன பெண்ணைச் சாகும்வரை நேசித்தவனின் கதை. பாட்டு முழுக்க இழவு வாடை. இவ்வளவு சோகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவரே நம்பிக்கை இல்லாமல்தான் பாடினார்.

1990களில் கன்ட்ரி வானொலிகள் வயதானவர்களின் புதுப் பாட்டுகளை ஒதுக்கத் தொடங்கின. 1999இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் ஜோன்ஸை அவருடைய ‘சாய்ஸஸ்’ என்ற பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். ஜோன்ஸ் விழாவுக்கே போகவில்லை. அன்று மேடையில் பாடகர் ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, நேரலையிலேயே ஜோன்ஸின் அந்தப் பாட்டைப் பாடினார். சேதி எல்லோருக்கும் புரிந்தது. இருக்கும்போது ஓரங்கட்டுவதும் போனபின் மாலை போடுவதும் ஹாங்க் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

2013 ஏப்ரல் 26இல் ஜோன்ஸ் 81 வயதில் இறந்தார். மே 2ஆம் தேதி ஓப்ரி அரங்கில் நடந்த இறுதி வழிபாட்டுக்குப் பொதுமக்களையும் உள்ளே விட்டார்கள். தொலைக்காட்சிகளிலும் வானொலியிலும் நேரலை. மாண்ட்கோமரித் தெருவில் நின்றவர்கள் பார்க்காததையெல்லாம் இப்போது யாரும் வீட்டுக் கூடத்திலிருந்தே பார்க்கலாம்: பாடுகிறவர் முகம் கோணுவது உட்பட. பாடகர் வின்ஸ் கில் அன்று பாடகி பாட்டி லவ்லெஸ்ஸுடன் சேர்ந்து ‘கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மவுன்டன்’ பாட வந்தார். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. வார்த்தை வரவில்லை. விரல்கள் மட்டும் கிடாரில் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டி லவ்லெஸ் விடாமல் பாடித் தாங்கிப் பிடித்தார். கில் விட்ட இடத்தில் பிடித்து எப்படியோ முடித்தார். சிதைந்து வந்த அந்தப் பாட்டை, சுத்தமான ஒலிப்பதிவைவிட அதிகம் பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆலன் ஜாக்சனும் வந்திருந்தார். ‘ஹி ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே’ பாடினார்.

ஜோன்ஸ் அந்த வருடம் பிரியாவிடைச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். நவம்பர் 22ஆம் தேதி நாஷ்வில்லில் கடைசிக் கச்சேரி என்று ஏற்பாடாகியிருந்தது. அவர் போன பிறகும் அதை ரத்து செய்யவில்லை. அஞ்சலியாக மாற்றி, ‘த ஃபைனல் நோ ஷோ’ என்று அறிவித்து நடத்தினார்கள். இழவில் இந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அறுபது வருடக் குறும்பைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்பேன்.

பிறகு வந்ததெல்லாம் வேகம். 2020 டிசம்பர் 12இல் சார்லி ப்ரைட் கொரோனாவால் இறந்தார். வெள்ளையர் இசை என்று நினைக்கப்பட்ட துறையில் உச்சத்துக்குப் போன கறுப்பினப் பாடகர், வயது 86. அன்று மாண்ட்கோமரியில் மேல்மாடத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் தரைத்தளத்தில் நிற்பதற்கான சாவு அது. ஆனால் கூட்டம் கூட முடியாத காலம். போதாததற்கு, ஒரு மாதம் முன்பு நவம்பர் 11இல் வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்கி அவர் பாடிய விழாவில்தான் தொற்றியதா என்று சமூக வலைத்தளங்களில் கேள்வி கிளம்பியது. அவருக்குப் பரிசோதனைகளில் தொற்று இல்லை என்றே வந்தது என விழாக்காரர்கள் அறிக்கை விட வேண்டியிருந்தது. இரங்கலும் விசாரணையும் ஒரே திரையில் ஓடின. பாடகி லொரெட்டா லின் 2022 அக்டோபர் 4இல் 90 வயதில் போனபோது, நினைவேந்தல் அந்த மாதக் கடைசியில் விளம்பர இடைவேளை இல்லாத தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வந்தது. 2024 பிப்ரவரியில் ஓக்லஹோமாக்காரர் டோபி கீத் புற்றுநோயில் இறந்த மறுநாள், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டத்தில் பார்வையாளர்கள் அவர் பாட்டில் வரும் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்கள். நேரலையைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

ஆனால் கார்ட்வெல் செய்ததை இன்று செய்பவர் அரிது. பாடகர் இறந்த செய்தி வந்த நிமிடம், எல்லோரும் கைபேசியில் அவர் பாட்டையே தட்டுகிறார்கள். பத்து, இருபது வருடப் பழைய பாட்டு மறுபடி வரிசையில் ஏறுகிறது. தன் சாவுக்குத் தானே பாடிக்கொள்ள வேண்டிய நிலைமை பாடகருக்கு. மேடையில் பாட வேண்டும் என்றால் வின்ஸ் கில்லின் அந்த ‘கோ ரெஸ்ட் ஹை’ பாட்டு இருக்கிறது. 1989இல் கீத் விட்லி என்ற பாடகர் இறந்தபோது கில் எழுதத் தொடங்கி, பாதியில் வைத்து, 1993இல் தன் அண்ணன் போனபின் முடித்து, 1995இல் தனிப்பாட்டாக வெளியிட்டது. ஒரு துக்கத்துக்குத் தொடங்கி இன்னொரு துக்கத்தில் முடிந்த அந்தப் பாட்டைத்தான் இன்று கன்ட்ரி உலகின் இழவு வீடுகளில் அடிக்கடி எடுக்கிறார்கள். ஹாங்குக்கு ஹாங்குக்கென்றே கட்டிய பாட்டுக் கிடைத்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே பாட்டு. அது எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் எனக்கு இந்தக் குறை தீரவில்லை.