காலையில் சமைக்கும் இரவுச் சாப்பாடு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குளிர்காலம் வந்தால் பல வீடுகளின் சமையல் மேடையில் ஸ்லோ குக்கர் ஏறிவிடும். வெளியே உலோக உறை, உள்ளே தூக்கி எடுக்கக்கூடிய கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, முன்பக்கம் ஒரு திருகு. கருவி அவ்வளவுதான். காலையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், பார்லி எல்லாவற்றையும் போட்டு, எலும்புச் சாறு ஊற்றி மூடிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் கேசரோல் தயாராக இருக்கும். கரண்டி பட்டதும் பிரியும் கறி, கெட்டியான குழம்பு, குடும்பம் முழுவதும் வயிறு நிறையச் சாப்பிட அந்த ஒரு பாத்திரமே போதும். போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அதை நம்பி வாங்கியவர்களில் பலர், சாறு நீர்த்துப்போய், கறி சக்கையாகி, கேரட் மட்டும் நறுக்கென்று கடிபடுவதைப் பார்த்துவிட்டுக் கருவியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கருவியின் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஸ்லோ குக்கர் சமையல் வேலையைக் குறைப்பதாக நினைப்பதில்தான் தவறு. மாலை ஆறு மணிக்குச் செய்யவேண்டிய வேலையை அது காலை ஏழு மணிக்கோ முந்தின இரவுக்கோ நகர்த்தித் தருகிறது. அந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்தால் இரவுச் சாப்பாடு அருமையாக அமையும். செய்யாவிட்டால் எட்டு மணி நேரச் சூடும் வீண்.

நேரத்தை இப்படி நகர்த்திக்கொள்வதற்காகவே பிறந்த சமையல் இது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள். அந்நேரத்தில் தீ மூட்டுவதோ சமைப்பதோ கூடாது. அதனால் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியவற்றைச் சட்டியில் சேர்த்து, வெள்ளி மாலையே ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் தணிந்துவரும் சூட்டில் வெந்து, மறுநாள் தொழுகை முடிந்து வரும்போது சோலண்ட் என்ற அந்தச் சாப்பாடு சுடச்சுடக் கிடைக்கும். லித்துவேனியாவின் வில்னா நகரில் தன் பாட்டி இப்படிச் சமைத்ததைத் தாய் சொல்லக் கேட்டவர் சிகாகோவின் இர்விங் நாக்சன். அந்தச் சட்டியைச் சுற்றி ஒரு மின்சூட்டு உறையைப் பொருத்தினால் என்ன என்று யோசித்து, 1936இல் விண்ணப்பித்து, 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் அவருடைய தொழிலை கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வெளிவேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிரான்சின் அல்சாஸ் பகுதியிலும் பெக்கஓஃப என்று ஓர் உணவு உண்டு. துணி துவைக்கும் திங்கட்கிழமைகளில் பெண்கள் சட்டியை ரொட்டிக்கடையில் விட்டுப்போவார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தச் சட்டிகளில் எதையும் யாரும் அவசரத்தில் நிரப்பவில்லை. நறுக்கி, ஊறவைத்து, பக்குவம் பார்த்து அடுக்கிய பிறகே மூடினார்கள்.

எந்தக் கறியை வாங்குகிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. விலங்கின் உடலில் ஓயாமல் உழைக்கும் பகுதிகள் கழுத்து, தோள்பட்டை, கால். அங்கே சதைநார்களைக் கட்டிப்பிடித்திருக்கும் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் அவசரச் சமையலில் ரப்பர்போல் இழுக்கும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஈரமான சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அதுவே கரைந்து ஜெலட்டினாகி, நார்களை விடுவித்து, குழம்புக்கு உதட்டில் ஒட்டும் ஒரு வழவழப்பைத் தருகிறது. கசாப்புக் கடையில் விலை குறைவான துண்டுகளே இதற்கு ஏற்றவை என்பது குடும்பச் செலவைப் பார்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியிலோ கரைவதற்கு ஜவ்வே அதிகம் இல்லை. அதை எட்டு மணி நேரம் வேகவைத்தால் ஈரம் முழுக்க வெளியேறி, பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். கோழிதான் வேண்டுமென்றால் எலும்போடு தொடைக்கறி, அதுவும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

காய்கறிகளின் நடத்தை இதற்கு நேர்மாறானது. இங்கேதான் புதிதாகச் சமைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கறி வேகவே நேரம் பிடிக்கும், கேரட் தானாக வெந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் செடியின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் நன்றாகக் கரைய 85 டிகிரிக்கு மேல் வேண்டும். குறைந்த சூட்டில் வைத்த ஸ்லோ குக்கர் அந்த நிலையை எட்டவே பல மணி நேரமாகும். அதற்குள் இன்னொன்றும் நடக்கிறது. 55 முதல் 65 டிகிரி வரையான இளஞ்சூட்டில் கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றில் உள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினை மாற்றியமைக்கிறது. மாறிய பெக்டின் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து மேலும் இறுகிவிடுகிறது. இப்படி மெல்ல மெல்லச் சூடேறிய காய், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் ஓரளவு விறைப்பாகவே நிற்கும். தக்காளியின் புளிப்பும் காய் வேகுவதைத் தாமதப்படுத்தும். தீர்வு கத்தியில் இருக்கிறது. காய்களைக் கறித்துண்டுகளைவிடச் சிறிதாக நறுக்கி, சூடு முதலில் ஏறும் அடிப்பாகத்திலும் ஓரங்களிலும் பரப்பி, அதன்மேல் கறியை வைக்கவேண்டும். ஊற்றும் சாறும் கொதிக்கக் கொதிக்க இருக்கவேண்டும்.

மூடிய பாத்திரத்துக்குள் எவ்வளவு நேரம் வைத்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி பழுப்பேறி, வறுத்த மணம் பிறக்க அதன் மேற்பரப்பு காய்ந்து, 140 டிகிரியை ஒட்டிய சூடு பட்டாகவேண்டும். ஆகவே அந்த மணம் ஸ்லோ குக்கருக்குள் தானாகப் பிறக்க வழியில்லை, வாணலியிலிருந்துதான் வரவேண்டும். ஓரங்களை வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவரும் விளக்கம் தவறானது. வறுத்த துண்டும் சாற்றை விடத்தான் செய்யும். சுவைக்காக மட்டுமே வறுக்கிறோம், அந்த ஒரு காரணமே போதும். வறுத்தபின் வாணலியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புப் பிசுக்கைக் கொஞ்சம் சாறு ஊற்றிச் சுரண்டி எடுத்துச் சேர்க்கிறவர் கேசரோலுக்கும், அதை அப்படியே கழுவும் தொட்டியில் போடுகிறவர் கேசரோலுக்கும் உள்ள வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும்.

நாலைந்து பேருக்கு, ஐந்து லிட்டர் குக்கரில் செய்வதானால் அளவு இது. தோள்பட்டைப் பகுதி மாட்டிறைச்சி 1 கிலோ, 4 சென்டிமீட்டர் துண்டுகளாக. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டின் கழுத்துக்கறியை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் பேர்பெற்ற லங்காஷயர் ஹாட்பாட் ஆட்டுக்கறியில் செய்வதுதான். கறியைத் துடைத்து ஈரம் போக்கி, உப்பும் மிளகும் தூவி, 2 மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி, எண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுக்கவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொண்டு அவியும், வறுபடாது. அதே வாணலியில் 2 பெரிய வெங்காயம், 4 பல் பூண்டு, 2 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் வதக்கி, 750 மில்லி எலும்புச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். குக்கரின் அடியில் சிறிதாக நறுக்கிய உருளைக்கிழங்கு 600 கிராம், கேரட் 400 கிராம், கழுவிய பார்லி 100 கிராம். மேலே கறி, தைம் இலை, ஒரு பே இலை, பிறகு கொதிக்கும் சாறு. குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், அல்லது அதிகச் சூட்டில் ஐந்து. இறக்குமுன் ஒரு கரண்டி வினிகரும் ஒரு கைப்பிடி நறுக்கிய பார்ஸ்லியும் சேர்ப்பதைத் தவறவிடக் கூடாது. நாள் முழுக்க வெந்த உணவில் மணங்கள் மங்கியிருக்கும், இந்தப் புளிப்பும் பச்சையும் அதை எழுப்பிவிடும். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்கைத் தாண்டாமலும் நிரம்பியிருக்கவேண்டும். இடையில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. ஒரு முறை மூடியைத் தூக்கினால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். நீர் ஆவியாகி வெளியேறாததால், ஓவனுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்வோர் சாற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு உடனே எழும் கேள்வி, பிரஷர் குக்கரில் நாற்பது நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு எட்டு மணி நேரமா என்பது. நியாயமான கேள்வி. அழுத்தத்தில் நீர் 120 டிகிரி வரை சூடாவதால் கொலாஜன் விரைவாகக் கரைகிறது. மாலையில் வீட்டில் ஆள் இருந்து, முக்கால் மணி நேரம் சமையலறையில் நிற்கவும் முடியுமென்றால் பிரஷர் குக்கரே மேல். ஸ்லோ குக்கர் வாங்க அந்த வீட்டுக்கு அவசியமே இல்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் எப்போது வேண்டியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். எல்லோரும் களைத்து வந்து, பிள்ளைகள் பசியோடு நிற்கும் நேரத்தில். விசிலை எண்ணவும் அடுப்பைத் தணிக்கவும் ஒருவர் அங்கேயே இருக்கவேண்டும், எரியும் கேஸ் அடுப்பை விட்டுவிட்டு வெளியே போக முடியாது. ஸ்லோ குக்கர் அந்தக் காவலிலிருந்து விடுதலை தருகிறது. ஷிப்ட் வேலை, மாலை வகுப்பு, தாமதமாகும் ரயில் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேரும் குடும்பத்தில் அதன் மதிப்பு கூடும்.

ஆளில்லாத வீட்டில் நாள் முழுக்க ஓடவிடலாமா, மின்கட்டணம் எகிறாதா என்று அஞ்சுவோரும் உண்டு. குறைந்த சூட்டில் பெரும்பாலான குக்கர்கள் எடுப்பது பழைய குண்டு பல்பு ஒன்றிரண்டு எரிய வேண்டிய மின்சாரம்தான், எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். உண்மையில் கவனிக்கவேண்டிய ஆபத்து உணவில் இருக்கிறது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் விரைவாகப் பெருகும். அந்த வரம்பைச் சீக்கிரம் கடக்க, உறைந்த இறைச்சியை நேராகப் போடாமல் குளிர்பெட்டியிலேயே முழுதாக இளகவிட்டுப் போடவேண்டும். முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் அதிகச் சூட்டில் வைக்கவேண்டும். நாம் வெளியே இருந்தபோது மின்சாரம் நின்றுபோயிருந்தால், உணவு வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிடுவதே சரி. அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில் இந்தக் கருவி எனக்குச் சரியாகப் படவில்லை. கேசரோலில் ராஜ்மா சேர்ப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் ஸ்லோ குக்கரின் சூட்டில் அழியாமல் போகலாம், 80 டிகிரி அளவில் அரைவேக்காடாக வெந்தால் அதன் வீரியம் கூடவும் செய்யும். நாலைந்து பயறே கடும் வாந்தியை வரவழைக்கப் போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதித்தபின்தான் ராஜ்மா குக்கருக்குள் போகவேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு, காலையில் யாருக்கு நேரம் இருக்கிறது என்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கிளப்பும் நேரத்தில் கறி வறுக்கச் சொல்வது வீட்டுப் பெண்ணின் சுமையை இரட்டிப்பாக்கும், உண்மைதான். விளம்பரங்கள் மறைத்ததும் இதைத்தான். ஆனால் மாலை வேலை ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் விழுவது, நகர்த்திய வேலையோ துண்டு துண்டாகப் பிரியக்கூடியது. முந்தின இரவு ஒருவர் காய் நறுக்கலாம், இன்னொருவர் கறி வெட்டலாம். இரண்டையும் தனித்தனி டப்பாக்களில் குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் மிஞ்சுவது வறுத்து அடுக்கும் இருபது நிமிடம். வறுப்பதையும் இரவே முடித்துவிடலாம் என்று அரைகுறையாக வறுத்து வைப்பதும், பீங்கான் பாத்திரத்தையே நிரப்பிக் குளிரில் வைப்பதும் கூடாது. முன்னது கிருமிக்கு இடம், பின்னது சூடேறுவதைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைக்கிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது. கனத்த பீங்கானில் விட்ட கேசரோல் ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். மிஞ்சியதை ஆழம் குறைந்த டப்பாக்களுக்கு மாற்றி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடுப்பில் வைத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அந்த வேலைக்கு மட்டும் ஸ்லோ குக்கர் ஆகாது.