கேரள லாட்டரியின் சிறு பரிசுகள்

கேரள மாநில லாட்டரியில் 5,000 ரூபாயும் அதற்குக் குறைவாகவும் உள்ள பரிசுகள் பொதுவாகச் சிறு பரிசுகள் எனப்படுகின்றன. செய்தித்தாள்களில் இடம்பெறுவது முதல் பரிசு. ஆனால் ஒவ்வொரு குலுக்கலிலும் பரிசு பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு பரிசு பெறுபவர்களே. இப்பரிசுகள் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றன, எங்கே பெறலாம், எதனால் கைவிட்டுப் போகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

இந்தியாவில் அரசே லாட்டரி நடத்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்த மாநிலம் கேரளம். இதற்கான துறை 1967இல் உருவாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதல் சீட்டு விற்பனைக்கு வந்தது. சீட்டின் விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. இன்று வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பெயர்களில் சீட்டுகள் வெளியாகின்றன. 2025 முதல் இந்த வாராந்திரச் சீட்டுகளின் விலை 50 ரூபாய். முதல் பரிசு 1 கோடி ரூபாய். ஓணம், விஷு, கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகைகளையொட்டி பம்பர் சீட்டுகள் தனியே வெளியிடப்படுகின்றன.

சீட்டு எண்ணின் அமைப்பு

சிறு பரிசைப் புரிந்துகொள்ளச் சீட்டு எண்ணின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து ஆறு இலக்க எண்ணும் இருக்கும். எழுத்துகள் அச்சீட்டு எந்தத் தொடரைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. வாராந்திர லாட்டரியில் வழக்கமாக 12 தொடர்கள் உண்டு. ஒவ்வொரு தொடரிலும் 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண்கள். ஆகவே 12 தொடர்களுக்கும் சேர்த்து அச்சிடத்தக்க சீட்டுகள் 1 கோடியே 8 லட்சம்.

பரிசுகளின் வகைகள்

பரிசுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, தொடர் எழுத்தும் ஆறு இலக்கங்களும் முழுமையாகப் பொருந்த வேண்டிய பெரிய பரிசுகள். முதல் பரிசு இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, ஆறுதல் பரிசு. முதல் பரிசு பெற்ற ஆறு இலக்க எண்ணையே கொண்டு, வேறு தொடரில் உள்ள சீட்டுகளுக்கு இது தரப்படும். 12 தொடர்கள் இருந்தால் ஒரு சீட்டுக்கு முதல் பரிசும் மீதி 11 சீட்டுகளுக்கு ஆறுதல் பரிசும் கிடைக்கும். எண் முழுவதும் பொருந்தி எழுத்து மட்டும் மாறியதால் 1 கோடிக்குப் பதிலாக 5,000 ரூபாய் பெறுபவர்கள் இவர்கள்.

மூன்றாவது, கடைசி நான்கு இலக்கங்களுக்கு உரிய பரிசுகள். 5,000, 2,000, 1,000, 500, 200, 100 ரூபாய் எனப் படிப்படியாக இறங்கும் தொகைகள் இவை. இவற்றுக்குத் தொடர் எழுத்தையோ முதல் இரண்டு இலக்கங்களையோ பார்ப்பதில்லை. எந்தத் தொடராக இருந்தாலும் கடைசி நான்கு இலக்கம் பொருந்தினால் போதும். தொகை குறையக் குறைய, பொதுவாகக் குலுக்கி எடுக்கப்படும் நான்கு இலக்க எண்களின் எண்ணிக்கை கூடும்.

ஒரு முடிவுக்கு எத்தனை சீட்டுகள்?

2917 என்ற எண் ஒரு பரிசுக்கு எடுக்கப்பட்டதாகக் கொள்வோம். ஒரு தொடரில் 102917, 112917, 122917 எனத் தொடங்கி 992917 வரை, 2917இல் முடியும் சீட்டுகள் 90 இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 10 முதல் 99 வரை மாறலாம் என்பதே காரணம். 12 தொடர்களுக்கு 90 × 12 = 1,080 சீட்டுகள். ஒரு முறை எண் எடுத்தால் ஒரே நேரத்தில் 1,080 சீட்டுகள் பரிசுச் சீட்டுகளாகின்றன. விற்காத சீட்டுகளும் இக்கணக்கில் அடக்கம்.

சிறு பரிசு அடிக்கடி விழுவதுபோல் தோன்றுவது இதனால்தான். 0000 முதல் 9999 வரை 10,000 முடிவுகள் உள்ளன. ஒரு குலுக்கலில் அவற்றுள் 300 எடுக்கப்பட்டால், ஒரு சீட்டுக்கு ஏதேனும் ஒரு சிறு பரிசு விழும் வாய்ப்பு நூற்றுக்கு 3. இன்று 2917 விழாததால் நாளை விழும் என்பதோ, 2916 வைத்திருந்தவர் பரிசை நெருங்கிவிட்டார் என்பதோ கணிதப்படி பொருளற்றவை. ஒவ்வொரு குலுக்கலும் தனித்தனியானது.

5,000 ரூபாய் வரை பெறும் முறை

குலுக்கல் திருவனந்தபுரத்தில் பிற்பகல் 3 மணி அளவில் பொதுமக்கள் பார்வையில் நடைபெறுகிறது. முடிவை அன்றே இணையத்தில் காணலாம். எனினும் கேரள அரசிதழில் வெளியாகும் முடிவோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது துறையின் அறிவுறுத்தல்.

5,000 ரூபாய் வரையுள்ள பரிசைக் கேரளத்தில் உள்ள எந்த லாட்டரிக் கடையிலும் பெறலாம். சீட்டு வாங்கிய கடைக்கே போக வேண்டும் என்பதில்லை. கடைக்காரர் சீட்டைச் சரிபார்த்துத் தம் பணத்திலிருந்து தொகையைத் தருவார். பிறகு அச்சீட்டைத் தம் முகவர் வழியாக லாட்டரி அலுவலகத்தில் ஒப்படைத்துத் தொகையைத் திரும்பப் பெறுவார். ஆகவே சிறு பரிசை முதலில் தருவது அரசின் கை அன்று, விற்பவரின் கை. பணத்துக்குப் பதில் புதிய சீட்டுகளை வாங்கிக்கொள்வோரும் பலர்.

5,000 ரூபாய்க்கு மேல்

இத்தொகைக்கு மேற்பட்ட பரிசுச் சீட்டை வங்கி வழியாகவோ அரசு லாட்டரி அலுவலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். 1 லட்சம் ரூபாய் வரையுள்ள பரிசுகளுக்கு மாவட்ட லாட்டரி அலுவலகத்தை அணுகலாம். சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பம், சான்றொப்பமிட்ட புகைப்படம், அடையாளச் சான்று, வருமான வரிக் கணக்கு அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவைப்படும்.

காலக்கெடுவும் சீட்டின் நிலையும்

பரிசுச் சீட்டைக் குலுக்கல் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். உரிய காலத்தில் கோரப்படாத பரிசுத் தொகை அரசுக்குச் சொந்தம் என்று 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது. 100 ரூபாய்ப் பரிசுக்காக மீண்டும் ஊர் மாறிச் செல்ல வேண்டியவர்கள் பலர் அதைக் கோராமலே விட்டுவிடுகிறார்கள்.

சீட்டு என்பது கையில் உள்ளவருக்கு உரிய ஆவணம். கிழிந்த, நனைந்து எண் அழிந்த, திருத்தப்பட்ட சீட்டுகள் ஏற்கப்படுவதில்லை. சீட்டின் புகைப்படத்துக்கும் ஒளிநகலுக்கும் பணம் கிடைக்காது. வாங்கியவுடன் பின்புறம் பெயரெழுதிக் கையொப்பமிடுவதே எளிய பாதுகாப்பு.

வரி

ஒரு பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 விழுக்காடு வருமான வரி பிடித்தம் செய்த பிறகே தொகை தரப்படும். சிறு பரிசுகளில் இப்பிடித்தம் இல்லை. ஆனால் பிடித்தம் இல்லை என்பதற்கு வரி இல்லை என்று பொருளன்று. லாட்டரிப் பரிசு எவ்வளவு சிறியதாயினும் சட்டப்படி வருமானமே. அதற்கு 30 விழுக்காடு என்ற தனி விகிதம் உண்டு. அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது.

விற்பவர் ஏமாறும் விதம்

பெரிய பரிசுச் சீட்டு அலுவலகத்தில் நுணுகிச் சோதிக்கப்படுகிறது. சிறு பரிசுச் சீட்டோ தெருவோரத்தில், சில நொடிகளில் சரிபார்க்கப்படுகிறது. மோசடிக்காரர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்துவது, பரிசு விழுந்த சீட்டை வண்ண ஒளிநகல் எடுத்துப் பல கடைகளில் மாற்றுவது ஆகியவை வழக்கமான முறைகள். நடந்து விற்கும் முதியவர்களும் பார்வையற்றவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இதற்கு எளிதில் இலக்காகிறார்கள். போலிச் சீட்டுக்குத் துறை பணம் தராது. 1,000 ரூபாய்க்கு ஏமாந்தவர் பல நாள் விற்பனையில் கிடைக்கும் கழிவை இழக்கிறார். சீட்டில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து சரிபார்ப்பது இதற்குத் தீர்வு. கடைக்காரர் சரிபார்க்க நேரம் எடுத்தால் வாடிக்கையாளர் சலித்துக்கொள்ளாமல் காத்திருப்பது நியாயம்.

வாங்குபவரைக் குறிவைக்கும் மோசடியும் உண்டு. "உங்களுக்குக் கேரள லாட்டரி விழுந்துள்ளது, வரியை முன்கூட்டிச் செலுத்துங்கள்" என்று கைப்பேசியில் வரும் செய்தி அத்தகையது. கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பரிசு தருவதற்கு முன்பணம் கேட்கும் வழக்கமும் இல்லை.

தமிழ்நாடும் கேரள லாட்டரியும்

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது. கேரளத்துக்குச் சென்று அங்கே சீட்டு வாங்குபவருக்குப் பரிசு பெறத் தடையில்லை. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வருக்குக் கிடைத்தது. ஆனால் சிறு பரிசு பெற மீண்டும் எல்லை தாண்ட வேண்டும்; பேருந்துக் கட்டணமே பரிசை விழுங்கிவிடலாம்.

தமிழ்நாட்டுக்குள் மறைவாக நடக்கும் "மூன்று எண் லாட்டரி" வேறு. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி இலக்கங்களை வைத்துத் துண்டுத்தாளில் எண் எழுதிக் கொடுக்கும் சூதாட்டம் அது. அரசு லாட்டரியோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை. பரிசு விழுந்து பணம் தராவிட்டால் முறையிட இடமும் இல்லை. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தருவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் அரசு லாட்டரிகளுக்கே தடுத்துள்ளது.

சிறு பரிசு லாபமா?

ஒருவர் ஆண்டில் 300 நாட்கள், நாளுக்கு ஒரு 50 ரூபாய்ச் சீட்டு வாங்குவதாகக் கொள்வோம். செலவு 15,000 ரூபாய். மேற்கண்ட நூற்றுக்கு 3 என்ற வாய்ப்பின்படி, சராசரியாக 9 முறை அவருக்குச் சிறு பரிசு விழும். ஒன்பதும் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வரவு 4,500 ரூபாய். பெரும்பாலானவை 100, 200 ரூபாய்ப் பரிசுகளாகவே இருக்கும் என்பதால் உண்மையில் வரவு இதனினும் குறையலாம். அந்த ஒன்பது நாட்கள் நினைவில் நிற்கும். மற்ற 291 நாட்கள் மறந்துபோகும். பரிசுப் பணத்துக்கு மீண்டும் சீட்டே வாங்கினால் அந்த வரவும் வீட்டுக்கு வந்து சேராது. சீட்டுக்குச் செலவழித்ததையும் பரிசாகப் பெற்றதையும் ஒரு மாதம் தாளில் எழுதிப் பார்த்தால், சிறு பரிசு என்பது இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வருவதே என்பது எவருக்கும் விளங்கும்.