கிரகணமும் நம் வீட்டுப் பிராணிகளும்

2019 டிசம்பர் 26 காலையில் ஈரோடும் கரூரும் வளையச் சூரிய கிரகணத்தைக் கண்டன. நம் செவ்வாய்ப்பேட்டையிலோ சூரியன் பிறைபோல் தேய்ந்தது.

அவ்வேளையில் ஒளி மங்கிக் காற்றுக் குளிர்வதால், மாலை வந்ததென எண்ணிக் கோழிகள் கூட்டை நாடுவதுண்டு. நாயும் பூனையும் சூரியனை உற்று நோக்குவதில்லை. அவற்றைப் பெரிதும் மிரட்டுவது மக்களின் கூச்சலே. ஆகையால் கூட்டத்துக்கு இழுத்துச் செல்லாமல், வீட்டினுள் பழகிய இடத்தில் இருக்க விடுவோம்.

நாம் விரதம் இருக்கலாம். வாயில்லா ஜீவன்களைப் பட்டினி போடலாமா? கிரகணத்தால் உணவு நஞ்சாவதில்லை. அன்று அது மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. 2031 மே 21-இல் தென் தமிழகத்தில் மீண்டும் வளையம் தெரியும். அக்கோடையில் முதலில் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவோம். பாதுகாப்புக் கண்ணாடி தேவைப்படுவதோ, அண்ணாந்து பார்க்கும் நமக்கே!