நீர்த்திறப்பு அறிவிப்பை எழுதும் முறை

பெரியாற்று அணை 1895ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அதன் ஜலத்தால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். உத்தமபாளையம் தாலுக்காவில் 11,807, தேனியில் 2,412, போடியில் 488. ஜலம் விடும் நாளை அறிந்தே குடியானவர்கள் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுகிறார்கள். ஆகையால் சர்க்கார் இணையதளத்தில் அதனை வெளியிடும் இலாகா ஊழியர்கள் தெளிவாக எழுதுதல் அவசியம்.

வினாடிக்கு 200 கன அடி விடப்படும் என்று மாத்திரம் எழுதினால் போதாது. அவ்வளவு ஜலம் ஒரு நாள் முழுதும் ஓடினால், வழியில் சேதாரம் இல்லையென்று கொண்டாலும், சுமார் 400 ஏக்கரிலேயே ஓரடி உயரம் நிற்கும். எல்லா வயல்களுக்கும் ஒரே நாளில் எட்டாது என்பது இதனால் விளங்கும். ஆதலின் எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் வரும், எத்தனை நாள் ஓடும் என்பவை முதல் வரியிலேயே நிற்கவேண்டும். உத்தரவின் எண்ணும் சட்ட வாசகமும் பின்னர் வரலாம்.

உத்தரவுக் காகிதத்தைப் படமாகப் பிடித்து ஏற்றுதல் கூடாது. கைப்பேசியில் எழுத்து சிறுத்துவிடும். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவியும் படத்திலுள்ள எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது. ஆகவே தட்டச்சிட்ட எழுத்தாகவே வெளியிடவேண்டும்.

வெளியிடுமுன் ஒரு குடியானவருக்கு அதை வாசித்துக் காட்டுக. விதை ஊறப்போடும் நாளை அவர் உடனே சொல்லிவிட்டால் அறிவிப்பு சரியானது.