பெயர் ஒன்று, ஆட்கள் பலர்! உலகம் அறிந்த "பிளெமிங்"குகள்

சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு ஸ்டீபன் பிளெமிங்கைத் தெரியும். நியூசிலாந்து அணியின் காப்டனாக இருந்தவர். 2009-ம் ஆண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். அவருடைய பயிற்சியில் அந்த அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய 5 ஆண்டுகளில் ஐ.பி.எல். கோப்பையை வென்றது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு ஒரு பிளெமிங்கைத் தெரியும். "பிளெமிங்கின் இடக்கை விதி" என்று மூன்று விரல்களை நீட்டிக் காட்டுவார்கள்.

பெனிசிலின் மருந்தைக் கண்டுபிடித்த டாக்டரும் ஒரு பிளெமிங். துப்பறியும் வீரர் ஜேம்ஸ்பாண்டை உருவாக்கிய எழுத்தாளரும் ஒரு பிளெமிங்.

இவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகளா? பங்காளிகளா?

இல்லை. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். பெயர்தான் ஒன்று!

பெயர் வந்த கதை

பிளெமிங் என்பது ஸ்காட்லாந்தில் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர். ஆனால், அது ஸ்காட்லாந்தில் பிறந்த பெயர் அல்ல. கடலுக்கு அப்பால் "பிளாண்டர்ஸ்" என்று ஒரு சீமை உண்டு. அதன் பெரும் பகுதி இன்று பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது.

12-ம் நூற்றாண்டில் அங்கிருந்து போர் வீரர்களும், வியாபாரிகளும், நெசவாளர்களும் ஸ்காட்லாந்துக்கு வந்தார்கள். அரசர்கள் அவர்களில் பலருக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். உள்ளூர் மக்கள் அவர்களை "பிளெமிங்" என்று அழைத்தார்கள். "பிளாண்டர்ஸ்காரர்" என்பது அதன் பொருள்.

அதாவது, பிழைக்க வந்தவருக்கு ஊரார் வைத்த பெயர்! வந்தவர்கள் பல ஊர்களில் குடியேறினார்கள். அதனால்தான் ஒரே பெயரில் சம்பந்தம் இல்லாத பல குடும்பங்கள் உண்டாயின.

வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் புகழ் பெற்ற பிளெமிங்குகளும் ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள்தான்.

தவறிப்போன ரெயில்

சாண்ட்போர்டு பிளெமிங் 1827-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்ற ஊரில் பிறந்தார். 1845-ம் ஆண்டு, 18 வயதில், கனடாவுக்குக் கப்பல் ஏறினார். நில அளவைக்காரராகத் தொழில் தொடங்கி, ரெயில் பாதை போடும் தலைமை என்ஜினீயர் ஆனார். 1851-ம் ஆண்டு கனடா வெளியிட்ட முதல் தபால் தலைக்குப் படம் வரைந்ததும் அவரே.

1876-ம் ஆண்டு அவர் அயர்லாந்துக்குப் போயிருந்தார். ஒரு சிறிய ஸ்டேஷனில் மாலை 5-35 மணி ரெயிலுக்காகக் காத்திருந்தார். ரெயில் வரவில்லை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அந்த ரெயில் காலை 5-35 மணிக்குப் போகிற ரெயில்! கால அட்டவணையில் "காலை" என்பதற்குப் பதிலாக "மாலை" என்று அச்சாகி இருந்தது. அன்று இரவு முழுவதும் அவர் ஸ்டேஷனில் காத்துக் கிடந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பார். சாண்ட்போர்டு யோசித்தார்.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம் இருக்கும்போது, 12 வரை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? 24 வரை எண்ணினால் காலை மாலைக் குழப்பம் வராதே! இது அவர் மனதில் எழுந்த முதல் கேள்வி.

அதைவிடப் பெரிய குழப்பமும் அந்தக் காலத்தில் இருந்தது. தலைக்கு மேல் சூரியன் வரும்போது மணி 12 என்று ஒவ்வொரு ஊரும் தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டது. ஊருக்கு ஒரு நேரம்! நடந்தும் வண்டி கட்டியும் போன காலத்தில் இதனால் தொல்லை இல்லை. ரெயில் வந்தபின் பெருந்தொல்லை ஆயிற்று.

உலகத்தை 24 பகுதிகளாகப் பிரிக்கலாம், பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கட்டும் என்று 1879-ம் ஆண்டு சாண்ட்போர்டு திட்டம் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட நிர்வாகி அதற்கு முன்பே இதைப்போன்ற யோசனை கூறியது உண்டு. ஆனால், உலகம் முழுவதற்குமாக விடாமல் வாதாடியவர் சாண்ட்போர்டு.

1883-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அமெரிக்க, கனடா ரெயில்வேக்கள் பொது நேரத்தை ஏற்றன. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் உலக நாடுகள் கூடி, லண்டனை அடுத்த கிரீன்விச்சை நேரக் கணக்குக்குத் தொடக்க இடமாக வைத்தன. அந்த மாநாட்டில் சாண்ட்போர்டும் இருந்தார்.

இந்திய ரெயில்கள் ஒரு காலத்தில் "மெட்ராஸ் நேரம்" பார்த்து ஓடின. 1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிதான் இந்திய பொது நேரம் வந்தது. அது கிரீன்விச் நேரத்துக்கு 5½ மணி நேரம் முந்தியது.

வேலைக்காரி கண்ட குதிரை

ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1857-ம் ஆண்டு வில்லியமினா என்ற பெண் பிறந்தாள். 7 வயதில் தந்தை இறந்துவிட்டார். 14 வயதில், படித்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தாள்.

20 வயதில் ஜேம்ஸ் பிளெமிங் என்பவரை மணந்தாள். அப்படித்தான் அவளுக்குப் பிளெமிங் என்ற பெயர் வந்தது. கணவனும் மனைவியும் 1878-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போனார்கள். அவள் கர்ப்பமாக இருந்த நேரத்தில் கணவன் அவளைக் கைவிட்டுப் போய்விட்டான்.

அன்னிய ஊர். ஆதரவு இல்லை. வயிற்றில் குழந்தை. வில்லியமினா ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தாள். அந்த வீட்டுக்காரர் எட்வர்டு பிக்கரிங். ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர். அவளுடைய அறிவுக் கூர்மையை அந்த வீட்டார் கண்டுகொண்டார்கள்.

பிரசவத்துக்கு டண்டீக்குப் போன வில்லியமினா, ஆண் குழந்தை பெற்றாள். வேலை கொடுத்தவரின் பெயரையே மகனுக்கு வைத்தாள். 1881-ம் ஆண்டு பாஸ்டனுக்குத் திரும்பி, வானாராய்ச்சி நிலையத்தில் நிரந்தர வேலையில் அமர்ந்தாள்.

வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை உற்றுப் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியும் அந்தத் தகட்டில் சிறு கோடாக விழுந்திருக்கும். அதைப் பார்த்து நட்சத்திரங்களை இனம் பிரிக்க வேண்டும். 1890-ம் ஆண்டு வெளிவந்த பட்டியலில் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றை இனம் பிரித்ததில் பெரும் பங்கு வில்லியமினாவினுடையது.

ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கலாம். நடுவில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். 1888-ம் ஆண்டு எடுத்த ஒரு தகட்டில், அந்த மூன்றில் ஒன்றின் அருகே கருப்பாக ஏதோ தெரிந்தது. வில்லியமினா அதைக் குறித்து வைத்தார். அதுதான், இன்று உலகம் முழுவதும் படமாகப் பார்த்து வியக்கும் "குதிரைத் தலை" மேகம். வானத்தில் மிதக்கும் தூசி மேகம் அது.

ஆனால், பின்னர் வந்த ஒரு வானியல் பட்டியலில் அவர் பெயர் இடம் பெறவில்லை. கண்டுபிடித்தவர் பிக்கரிங் என்றே அச்சாயிற்று!

சம்பளத்திலும் இதே கதைதான். ஆண்டுக்கு அவருக்கு 1,500 டாலர். வேறு சில உதவியாளர்களுக்கு 2,500 டாலர். உயர்த்திக் கேட்டால், பெண்களுக்கு இது நல்ல சம்பளம் என்று பதில் வரும். 1900-ம் ஆண்டு தன் நாட்குறிப்பில் இந்த மனக்குறையை அவர் எழுதி வைத்தார். அப்போது அவருக்கு மகனைப் படிக்கவைக்கும் பொறுப்பும் இருந்தது.

ஆனாலும், வேலையை விடவில்லை. 300-க்கு மேற்பட்ட, ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1906-ம் ஆண்டு லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரைக் கவுரவ உறுப்பினர் ஆக்கியது. 1911-ம் ஆண்டு, நிமோனியா காய்ச்சலில் காலமானார். கைவிட்டுப் போனவனின் பெயர் அவரால் வானத்தில் ஏறியது!

பூசணம் காத்த உயிர்கள்

அலெக்சாண்டர் பிளெமிங் 1881-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அவருக்கும் 7 வயதில் தந்தை இறந்தார். சிறு வயதிலேயே லண்டனுக்குப் போய், ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக 4 ஆண்டு வேலை பார்த்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு பணத்தைக் கொண்டு டாக்டருக்குப் படித்தார்.

முதல் உலகப் போரில் அவர் பிரான்சில் வேலை செய்தார். காயம் சீழ் பிடித்து இளைஞர்கள் இறப்பதைக் கண்ணால் கண்டார். அன்றிருந்த மருந்துகளால் அதைத் தடுக்க முடியவில்லை.

1928-ம் ஆண்டு செப்டம்பரில், விடுமுறை முடிந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பினார். சீழ்க் கிருமி வளர்த்த ஒரு கண்ணாடித் தட்டில் பூசணம் பிடித்திருந்தது. ஊறுகாயில் பிடிக்குமே, அதுபோல! தட்டை அவர் உற்றுப் பார்த்தார். பூசணத்தைச் சுற்றிலும் கிருமிகள் செத்துக் கிடந்தன. பெனிசிலின் அப்படித்தான் கிடைத்தது.

ஆனால், அதைச் சுத்தமாகப் பிரித்து எடுக்க அவரால் முடியவில்லை. பத்து ஆண்டுக்குப்பின் ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதைச் செய்தார்கள். புளோரி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். செயின், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்தவர்.

1941-ம் ஆண்டு, சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். அவர் தேறி வந்தார். அதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரில் கழிந்த மருந்தைக்கூடப் பிரித்து எடுத்து, மறுபடியும் கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. அவர் இறந்தார். அதன்பின் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெனிசிலின் பெரிய அளவில் தயார் ஆயிற்று. எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன.

1945-ம் ஆண்டு பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய இடத்திலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். மருந்தைக் குறைவாகச் சாப்பிட்டால் கிருமிகள் சாகாமல் அதற்குப் பழகிவிடும் என்றார். இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். டாக்டர் சொல்லாமல் இவ்வகை மருந்தைத் தொடக்கூடாது. சொன்ன நாள் முடியுமுன் நிறுத்தவும் கூடாது.

சர்ச்சில் கதை உண்மையா?

சிறுவன் சர்ச்சில் தண்ணீரில் மூழ்கினார், பிளெமிங்கின் தந்தை காப்பாற்றினார், அதற்கு நன்றியாகச் சர்ச்சிலின் தந்தை பிளெமிங்கைப் படிக்கவைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கட்டுக்கதை. பிளெமிங்கே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

சர்ச்சிலுக்கு வேண்டிய பிளெமிங் வேறு ஒருவர். அவர் பெயர் வாலண்டைன் பிளெமிங். டண்டீயில் பிறந்து, சிறு வயதில் அலுவலகப் பையனாக வேலை பார்த்து, லண்டனில் பெரும் பாங்கு முதலாளி ஆன ராபர்ட் பிளெமிங்கின் மகன். வாலண்டைன் 1917-ம் ஆண்டு போரில் மாண்டார். சர்ச்சில் பத்திரிகையில் அஞ்சலி எழுதினார்.

வாலண்டைனின் மகன்தான், ஜேம்ஸ்பாண்டு கதைகளை எழுதிய இயான் பிளெமிங். தந்தையை இழந்தபோது அவருக்கு 9-வது வயதுகூட நிறையவில்லை. முதல் கதை 1953-ம் ஆண்டு வெளிவந்தது. கதாநாயகனுக்குப் பெயர் தேடியபோது, தன்னிடம் இருந்த பறவைப் புத்தகத்தைப் பார்த்தார். அதை எழுதிய அமெரிக்க அறிஞரின் பெயர் ஜேம்ஸ் பாண்டு! அப்படியே எடுத்துக்கொண்டார். பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தவரின் பெயர், துப்பாக்கி வீரரின் பெயர் ஆயிற்று.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் இடக்கை விதி, ஜான் அம்புரோஸ் பிளெமிங்குக்கு உரியது. அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். 1904-ம் ஆண்டு அவர் செய்த வால்வுதான் பழைய ரேடியோ பெட்டிகளுக்கு வழி காட்டியது.

ஒரே பெயர் இத்தனை பேருக்கு இருந்தது. அந்தப் பெயர் ஒருவருக்கும் சோறு போடவில்லை. ரெயிலைத் தவறவிட்டவர், கணவனால் கைவிடப்பட்டவர், தகப்பனை இழந்தவர் என்று ஒவ்வொருவரும் வந்த கஷ்டத்தோடு மல்லுக்கட்டித்தான் முன்னுக்கு வந்தார்கள். "வெளியூர்க்காரன்" என்று ஊரார் வைத்த பெயரை, உலகம் மரியாதையோடு சொல்லும் பெயராக அவர்கள் மாற்றினார்கள்.