விளையாட்டுக் களத்தில் மூளை அதிர்வு

விளையாட்டு உடலுக்கு உறுதியையும் உள்ளத்துக்கு ஒழுங்கையும் அளிப்பது. ஆயினும் அக்களத்திலேயே கண்ணுக்குப் புலப்படாத ஊறு ஒன்று நேர்தல் உண்டு. எலும்பு முறிந்தால் வீக்கம் தோன்றும். தோல் கிழிந்தால் குருதி பெருகும். மூளை அதிர்வுக்கோ இத்தகைய வெளிக்குறி இருக்க வேண்டுமென்பதில்லை. ஆதலின் அதன் இயல்பை அறிந்திருத்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே கடனாகும்.

மூளை மிக மென்மையான உறுப்பு. அது மண்டையோட்டினுள் ஒருவகை நீரினாற் சூழப்பெற்று மிதந்தவண்ணம் உள்ளது. தலையிலோ கழுத்திலோ உடலின் பிறிதோரிடத்திலோ பட்ட அடி தலையைச் சடுதியாக அசைக்குமாயின், மூளை குலுங்குகின்றது. அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களின் உள்ளும் புறமும் உள்ள உப்புக்களின் சமநிலை குலைகின்றது. அதனைச் சீர்செய்தற்கு ஆற்றல் மிகுதியாக வேண்டப்படும் அவ்வேளையிலேயே குருதியோட்டம் குறைந்துவிடுதலும் உண்டு. இது பெரும்பாலும் தொழிற்பாட்டின் குழப்பமேயன்றி அமைப்பின் சிதைவன்று. எனவே வைத்தியசாலையில் வழக்கமாக எடுக்கப்படும் படங்களில் அது தென்படுவதில்லை.

நினைவிழந்து வீழ்ந்தவர்க்கே மூளை அதிர்வு ஏற்படும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கிய பார்வை, ஒளியும் ஓசையும் பொறாமை, தள்ளாட்டம், வினாவியதற்குத் தாமதித்து விடையளித்தல், காரணமின்றிச் சினத்தல் ஆகியன இதன் குறிகள். இது எந்த மைதானம், இறுதியாகக் கோல் போட்டவர் யார், சென்ற ஆட்டத்தில் வென்றோமா என்னும் எளிய வினாக்களுக்கு ஆட்டக்காரர் இடர்ப்படுவாராயின் ஐயத்துக்கு இடமுண்டு.

குறிகள் காலந்தாழ்த்துத் தோன்றுதலும் உண்டு. 2019 ஓகஸ்ட் மாதத்தில், இலண்டன் லோட்ஸ் மைதானத்தில் நிகழ்ந்த டெஸ்ட் போட்டியில், அவுஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் ஜொப்ரா ஆர்ச்சர் எறிந்த பந்து தாக்கியது. சோதனைகளில் தேறிய ஸ்மித் மீண்டும் துடுப்பெடுத்தாடினார். மறுநாளே குறிகள் வெளிப்பட, அவர் விலக்கப்பட்டார். அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்த புதிய விதிப்படி மார்னஸ் லபுஷேன் அவரிடத்தில் ஆடினார். டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு ஆடிய முதல்வர் அவரே. தேர்ந்த வைத்தியர் அருகிருந்த இடத்திலேயே இவ்வாறாயின், வைத்தியர் இல்லாத பாடசாலை மைதானத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முதலதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி படுதலே பெருங்கேடு. 2011 இல் வட அயர்லாந்தில், பாடசாலை றகர் போட்டியொன்றில் அடிபட்ட பின்னரும் தொடர்ந்து ஆடிய பதினான்கு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இளையோரின் மூளை இவ்வாறு திடீரென வீங்குதல் அரிது; நேரின் மீட்பதும் அரிது.

ஆதலின் ஐயம் எழுந்தவுடனே ஆட்டக்காரரை விலக்குதல் வேண்டும். அன்று அவர் மீண்டும் களமிறங்கலாகாது. அவரைத் தனியே விடுதலும் தகாது. கழுத்துவலி, இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, வலிப்பு, வாந்தி, நினைவிழப்பு, மிகுந்துவரும் தலைவலி என்பவற்றுள் ஒன்று காணப்படினும் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். கழுத்தில் ஊறு ஐயுறப்படின், பயிற்சி பெற்றோர் வருமளவும் அவரை அசைத்தலாகாது. தலைக்கவசத்தைக் கழற்றுதலும் ஆகாது.

முதல் இரண்டு நாள்கள் ஓய்வு வேண்டும். எனினும் இருட்டறையில் முடங்கிக் கிடத்தல் இன்று வேண்டப்படுவதில்லை. மெல்ல நடத்தல் நன்று. தொலைபேசித் திரையைப் பார்த்தலைக் குறைத்தல் வேண்டும். பின்னர் சிறிது சிறிதாகப் படிப்புக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒருநாளேனும் விட்டு ஆறு படிகளில் ஆட்டத்துக்கும் திரும்பலாம். குறிகள் முற்றும் நீங்கி, வைத்தியர் இசைந்த பின்னரே மோதலுள்ள ஆட்டத்தில் இறங்குதல் வேண்டும்.

தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். ஆயின் உள்ளே மூளை குலுங்குதலை அது முற்றாகத் தடுக்கமாட்டாது. றகரில் தாழ்ந்து பிடிக்கப் பழகுதல், பயிற்சியில் மோதலைக் குறைத்தல், விதிகளைக் கண்டிப்பாகக் காத்தல் என்பனவே சிறந்த காப்பு. இவற்றினும் மேலாக, வலியை மறைத்து ஆடுதலே வீரம் என்னும் எண்ணம் அகல வேண்டும். அடிபட்டதை மாணவர் அச்சமின்றிக் கூறவும், கூறியவரைக் கோழையென எவரும் எள்ளாதிருக்கவும் இடமளித்தல் ஆசிரியரின் பொறுப்பு. இழந்த கேடயத்தை அடுத்த ஆண்டில் வென்றுகொள்ளலாம். இழந்த உயிரை எவ்வாண்டிலும் மீட்டல் இயலாது.