வாடகை வீட்டில் நோயாளி: மின்தீயைத் தடுத்தலும் தப்புதலும்

நாட்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் இன்று மிகுதி. அவ்வீடுகளில் ஆக்சிஜன் செறிவூட்டி, நெபுலைசர், காற்று மெத்தை, சளி உறிஞ்சும் கருவி என மின்சாரத்தில் இயங்கும் சாதனங்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வீடு வாடகை வீடாக இருந்தால், அதன் மின்கம்பிகள் எந்த ஆண்டில், எவ்வளவு சுமைக்காகப் போடப்பட்டன என்பது குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. தீ ஏற்பட்டால் மற்றவர்கள் எழுந்து ஓடிவிடலாம். படுக்கையில் இருப்பவரால் அது இயலாது. எனவே நோயாளி உள்ள வீட்டில் மின்தீத் தடுப்பும் நோயாளியைப் பராமரிப்பதன் ஒரு பகுதியே.

2024 செப்டம்பர் 12 அன்று அதிகாலையில், மதுரை பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகில் உள்ள கட்ராபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் தீவிபத்து ஏற்பட்டது. குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியதாகத் தெரிவிக்கப்பட்டது. இதில் பெண்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது குழந்தை ஒன்று உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர்; அவர்களுள் சிலர் மின்தூக்கிக்குள் மயங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். இரண்டும் பிறர் உறங்கும் நேரத்திலோ, வெளியேறும் வழி குறுகிய நிலையிலோ நேர்ந்த விபத்துகள். இத்தகைய தீவிபத்துகளில் தீப்பிழம்பு உடலைத் தீண்டுவதற்கு முன்பே புகை உயிரைப் பறித்துவிடும். மெத்தையும் நெகிழிப் பொருள்களும் எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, இரத்தம் ஆக்சிஜனை ஏற்கும் திறனைக் குறைத்து, சில நிமிடங்களில் நினைவிழக்கச் செய்யும். ஏற்கெனவே நுரையீரல் பழுதுற்றவருக்கு அந்தச் சில நிமிடங்களும் கிடைப்பதில்லை.

மின்தீ எவ்வாறு உண்டாகிறது?

செய்தித்தாள்கள் எல்லா மின்தீ விபத்துகளுக்கும் 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன. உண்மையில் காரணங்கள் வெவ்வேறானவை. கம்பி தாங்கும் அளவை மீறி மின்சாரம் பாய்வது ஒன்று. இணைப்பு தளர்ந்திருப்பது மற்றொன்று. கம்பியின் மேலுறை சிதைந்து மின்சாரம் சுவருக்கோ, சாதனத்தின் உடலுக்கோ கசிவது மூன்றாவது. இவற்றுள் வாடகை வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாமல் விடப்படுவது தளர்ந்த இணைப்பு. சாக்கெட்டின் உள்ளே திருகு தளர்ந்திருந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் வெப்பம் சேரும். பாயும் மின்சாரம் இரு மடங்கானால் அங்கு உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பியூஸும் எம்.சி.பி.யும் இதனை அறிவதில்லை. ஏனெனில் பாயும் மின்சாரத்தின் அளவு வழக்கம்போலவே இருக்கும். ஆனால் கை அறியும், மூக்கு அறியும். பிளக் சூடாக இருத்தல், சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறியிருத்தல், மீன் வாடை போன்ற கருகல் நாற்றம், சுவிட்சைப் போடும்போது 'சர்ர்' என்ற ஒலி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அந்தச் சாக்கெட்டை அன்றே பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும்.

மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளிலும், பல குடித்தனங்கள் உள்ள காம்பவுண்ட் வீடுகளிலும் இன்னும் கட்டைப் பலகையில் பொருத்திய பியூஸ் கேரியர்களைக் காணலாம். பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகத் தடிமனான செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அதன் பிறகு உருகுவது பியூஸாக இருக்காது. சுவருக்குள் இருக்கும் கம்பியாக இருக்கும்.

நோயாளியின் சாதனங்களை எங்கு இணைப்பது?

நம் வீடுகளில் உள்ள சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் அது ஏறத்தாழ 1,380 வாட் வரை தாங்கும். பெரிய பவர் பாயிண்ட் 16 ஆம்பியருக்கு உரியது. நிமிடத்திற்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் செறிவூட்டி பொதுவாக 300 முதல் 400 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இது பெரிய சுமை அன்று. ஆயினும் அது நாள் முழுவதும் நிற்காமல் ஓடுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியையும், மின்சாரக் கெட்டிலையும் சேர்த்து இணைத்தால் பாக்ஸின் மெல்லிய வயர் தாங்காது. ஆதலால் செறிவூட்டியைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் நேரடியாக இணைக்க வேண்டும். அந்தச் சாக்கெட்டில் வேறு எதனையும் இணைக்கக் கூடாது. வயரை மெத்தைக்கு அடியிலோ, பாய்க்கு அடியிலோ கொண்டுசெல்லக் கூடாது. சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியேனும் தள்ளி வைத்தால்தான் சாதனத்தின் வெப்பம் வெளியேறும்.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் அது சூழ்ந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். மூக்குக் குழாயை இயங்கும் நிலையிலேயே போர்வையின் மேல் கழற்றி வைத்தால், துணி ஆக்சிஜனை உள்வாங்கிக்கொள்ளும். குழாயைக் கழற்றினால் சாதனத்தையும் நிறுத்துங்கள். அந்த அறையில் பீடி, சிகரெட், கொசுவர்த்தி, ஊதுபத்தி, சூடம் எதுவும் வேண்டாம். பூசையறை விளக்கு குறைந்தது பத்து அடி தொலைவில் இருக்கட்டும். உதடு வறண்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவாமல், நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாளை முன்கூட்டியே அறிந்து, மாற்று ஆக்சிஜன் உருளையை ஆயத்தமாக வைத்திருங்கள். மின்சாரம் போனதும் மெழுகுவர்த்தி ஏற்றுவது நம் வழக்கம். இவ்வீட்டில் டார்ச் விளக்கு மட்டுமே.

வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை

பழைய வயரிங்கைப் பற்றிப் பேசினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் (2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது) இப்பொறுப்புகளைப் பிரித்துக் கூறுகிறது: வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உள்ளும் புறமும் உள்ள மின்வயரிங்கையும் அதன் பராமரிப்பையும் உரிமையாளர் கவனிக்க வேண்டும், சுவிட்ச், சாக்கெட் பழுதுகளைக் குடியிருப்பவர் கவனிக்க வேண்டும். நோயாளிக்காகக் கருவிகள் ஓடுகின்றன என்பதை எழுத்து மூலமாகத் தெரிவித்துக் கேட்பது நல்லது.

கேட்க வேண்டியவற்றுள் முதலாவது, 30 மில்லி ஆம்பியர் அளவில் செயற்படும் ஆர்.சி.சி.பி. மின்சாரம் எர்த்துக்கோ, மனித உடலுக்கோ கசிந்தால் இது நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இதனைத் தவிர்க்க இயலாது. அதன் வேலை வேறு. அடுத்தது, பெயரளவில் இல்லாத உண்மையான எர்த் இணைப்பு. நோயாளியின் அறைக்கு ஏ.சி. பொருத்துவதாயின் மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். விளக்குகளுக்கான 1 சதுர மில்லிமீட்டர் வயரிலிருந்து ஏ.சி.க்கு இணைப்பு எடுப்பது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இவற்றைச் செய்விக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மின்சாரப் பயன்பாடு உச்சத்தை எட்டும்போது, நியூட்ரல் இணைப்பு அறுந்துபோவதும் உண்டு. விளக்குகள் திடீரென அளவுக்கு மீறிப் பிரகாசிப்பதும், பக்கத்துக் குடித்தனத்தில் மங்குவதும் இதன் அறிகுறி. அப்போது எதனையும் ஆராயாமல் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.

தீப்பற்றினால்

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது எங்குள்ளது என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், பகல்நேரப் பணிப்பெண் உட்பட, அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்படாத தீயில் நீர் ஊற்றக் கூடாது. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வாசலருகே இருந்தால் சிறு தீயை அணைக்கலாம். புகை அறையை நிரப்பத் தொடங்கிவிட்டால் அணைக்கும் முயற்சியைக் கைவிட்டு நோயாளியை வெளியேற்றுங்கள். தூக்க இயலாவிட்டால், அவர் படுத்திருக்கும் கெட்டியான போர்வையோடு தரையில் இறக்கி, தலைப்பக்கமாகப் பிடித்து இழுத்துச் செல்லுங்கள். தரையை ஒட்டிய காற்றில் புகை குறைவு. வெளியேறும்போது அறைக்கதவைச் சாத்துங்கள். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108.

இதற்கான ஏற்பாட்டை இன்றே செய்யலாம். நோயாளியின் கட்டிலை வாசலுக்கு நெருக்கமான அறைக்கு மாற்றுங்கள். இரவில் உள்ளே பூட்டும் பூட்டின் சாவி கதவருகிலேயே தொங்கட்டும். காம்பவுண்டின் ஒரே நடைபாதையில் இருசக்கர வாகனங்களை நிறுத்த வேண்டாம் என்று அயலாரிடம் கூறுங்கள். மின்சார ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில் இரவு முழுவதும் சார்ஜ் செய்வதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய் நீர் ஓட விட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும். பற்பசை, மாவு, நெய், பேனா மை எதனையும் தடவக் கூடாது. புகையில் சிக்கியவரின் குரல் கரகரத்தாலோ, மூக்கில் கரி படிந்திருந்தாலோ, அவர் நன்றாகப் பேசினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சுக்குழாய் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும். மின்சாரம் தாக்கியவருக்கு வெளியே காயம் இல்லாவிட்டாலும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். மதுரையில் உள்ளவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவை இரவு பகல் எந்நேரமும் அணுகலாம். செல்லும்போது நோயாளியின் மருந்துச் சீட்டையும், அவர் பெற்றுவந்த ஆக்சிஜன் அளவைக் குறித்த தாளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.